இப்போதைக்கு ஒழுகாத கரவன்

அத்தான்,

இன்று காலை குளியல் தொட்டியின் ஓரத்தில் நீர் கசிவதை அடைப்பதற்காகச் சிலிக்கன் குழாய் ஒன்றின் நுனியை வெட்டினேன். வினாகிரியின் புளித்த மணம் மூக்கில் ஏறியது. மறைந்தவர்களின் நினைவு சந்தன மணத்தோடும் மல்லிகை மணத்தோடும் வருவதாக நம்முடைய நினைவு மலர்களில் எழுதுகிறார்கள். உங்கள் நினைவு எனக்கு வினாகிரி மணத்தோடுதான் வருகிறது. கூடவே கோபமும் வருகிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த மலரில் நானும் ஒரு பக்கம் எழுதினேன். ‘பண்பாளர், பழகுதற்கு இனியவர்’ என்று போட்டிருந்தேன். இடம் போதாததால் உங்கள் கரவன் வண்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்துவிடுகிறேன்.

ஊரில் உங்களிடம் ஒரு பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காரைநகர்ப் பாலத்தில் நீங்கள் ஓடியதை ஊரே பார்த்தது. சிலர் வேலை மெனக்கெட்டும் பார்த்தார்கள். நாட்டில் பிரச்சினை தொடங்கிய பிறகு அதை யாரோ கொண்டுபோனார்கள். எந்தத் தரப்பு என்பதில் குடும்பத்தில் இரண்டு கருத்து உண்டு. லண்டன் வந்து, எண்பதுகளின் நடுவில், அதே இனத்தைச் சேர்ந்த ஒன்றை எட்மண்டனில் ஒருவருடைய கொட்டகையில் ஓடாத நிலையில் கண்டுபிடித்தீர்கள். திருத்தினீர்கள். அதுவும் ஓடியது. பனி உறைந்த ஒரு காலையில், நீங்கள் பெற்றோல் அடிக்கும் செட்டில் ஷிப்ட் முடித்து வரும்போது, உங்களை வீதியில் போட்டுவிட்டுத் தனியாகவும் கொஞ்சத் தூரம் ஓடியது. காறை எலும்பு முறிந்து நீங்கள் கட்டிலில் கிடந்தபோது அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

“லண்டன் றோட்டில இனி உதில ஏறப்படாது. ஓடத்தான் வேணுமெண்டால் சனமில்லாத இடத்தில போய் ஓடுங்கோ.”

வேறு எவராக இருந்தாலும் ‘இனி ஏறப்படாது’ என்பது காதில் விழுந்திருக்கும். உங்கள் காதில் ‘சனமில்லாத இடம்’ மட்டும் விழுந்தது. சனமில்லாத இடம் கடற்கரையில் இருந்தது. அங்கே மோட்டார் சைக்கிளையும் கொண்டுபோக வேண்டும், அக்காவையும் கொண்டுபோக வேண்டும். பின்னால் அக்கா இருக்காவிட்டால் அதை ஓடுவதில் அர்த்தமில்லை என்பது உங்கள் கட்சி. இதை நீங்கள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. கூடாரம் அடிக்கலாம் என்று மட்டும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தீர்கள்.

“நான் அகதியா இஞ்ச வந்தது கூடாரத்துக்குள்ள கிடக்கவோ?” என்றாள் அக்கா.

அப்படித்தான் ஹரோவில் உங்கள் வீட்டு முன்றலில் அந்தக் கரவன் வந்து நின்றது. காரின் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு. பழையது, மஞ்சள் பாரித்தது, ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் பின்சுவரை அறுத்து, அதையே சாய்தளமாக இறங்கும் கதவாக்கி, பின்பாதியில் மோட்டார் சைக்கிளையும் முன்பாதியில் அக்காவையும் ஏற்றுவது உங்கள் திட்டம். அமெரிக்காவில் இப்படிச் செய்தே விற்கிறார்களாம், ஒரு சஞ்சிகையில் படம் பார்த்தீர்களாம். அமெரிக்காவில் பாலைவனம் இருக்கிறது அத்தான். இங்கே மழை இருக்கிறது.

நான் கவுன்சில் நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கரவன் திருத்துவது பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தேன். பின்சுவரில் கைவைக்க வேண்டாம், கூட்டின் உறுதி முழுக்க அங்கேதான் இருக்கிறது என்று அதில் தனிப் பெட்டி கட்டி எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை வாசித்தும் காட்டினேன்.

“உது வெள்ளைக்காரருக்கு எழுதினது,” என்றீர்கள்.

ஊரில் வீதிகளுக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த ஒருவரோடு புத்தகத்தை வைத்து வாதாட முடியாது என்று அன்று அறிந்தேன். அடுத்த வாரம் வந்தபோது புத்தகம் கரவனின் ஒரு காலுக்குக் கீழே இருந்தது. கேட்டேன். “நல்ல புத்தகம் தம்பி. சரியான உயரம்,” என்றீர்கள்.

பின்சுவரை அறுத்தீர்கள். உள்ளே இருந்த மரச்சட்டம் தேநீரில் தோய்த்த பிஸ்கட் போலக் கையோடு வந்தது. அதற்குப் பதிலாக யாரோ வீதியில் எறிந்த கட்டிலின் சட்டத்தை இறுக்கினீர்கள். சாய்தளம் வழுக்குமென்று ‘வெல்கம்’ என்று எழுதிய கால்மிதிகளை அதில் வரிசையாக ஆணியடித்தீர்கள். எல்லாம் முடிந்து மோட்டார் சைக்கிளை ஏற்றினால் அதன் கைபிடி வாசலைவிட அகலம். வாசலை அளந்தபோது கைபிடியைத் திருப்பி வைத்து அளந்திருக்கிறீர்கள். அதற்காக வெட்கப்படுகிறவரா நீங்கள்? வாசலின் இரண்டு பக்கத்திலும் காது வைத்ததுபோல இரண்டு துளை அறுத்து, அவற்றை நத்தார்ப் பண்டிகைக்கு வந்த பிஸ்கட் தகர மூடிகளால் மூடினீர்கள். ஒரு மூடியில் குதிரை வண்டி. மற்றதில் பனிமனிதன். சுற்றிவரச் சிலிக்கன்.

இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “இப்போதைக்கு உது காணும்.”

இப்போதைக்கு இதுவே போதும் என்கிற அந்த மூன்று சொற்களோடு நான் பட்ட பாட்டை எங்கே போய்ச் சொல்வது? ஒரு வாக்கியத்துக்குள்தான் எவ்வளவு சோம்பலும் எவ்வளவு நம்பிக்கையும்! ஆனால் உங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்தக் காலத்தில் லண்டனில் நம்முடைய சனம் முழுவதுமே ‘இப்போதைக்கு’த்தான் வாழ்ந்தது. பெற்றோல் செட் வேலை இப்போதைக்கு. ஹரோ வீடு இப்போதைக்கு. யாரோ தந்த, தோள் இறங்கிய கோட்டு இப்போதைக்கு. நாட்டுப் பிரச்சினை முடிந்ததும் போய்விடப் போகிறோம், அதற்குள் எதை ஒழுங்காகச் செய்து என்ன? பிரச்சினை முடியவில்லை. கோட்டு மட்டும் கிழிந்தது. அதையும் தைத்துப் போட்டோம்.

அக்கா வந்து குதிரை வண்டியைப் பார்த்தாள். பனிமனிதனைப் பார்த்தாள். கால்மிதிகளைப் பார்த்தாள். உள்ளே ஏறி, மோட்டார் சைக்கிளுக்கு மேலே மடித்து இறக்குகிற கட்டிலையும் பார்த்தாள்.

“இதில ஆர் படுக்கிறது?”

“நீர்தான். நானும்தான்.”

“பெற்றோல் தாங்கிக்கு மேல படுக்கிறதெண்டால் நீங்கள் வேலை செய்யிற இடத்திலயே படுக்கலாமே. அங்க ஹீற்றராவது இருக்கு.”

பிறகு படியில் இருந்துகொண்டு தன் நிபந்தனையைச் சொன்னாள். நான்தான் சாட்சி.

“ஒருக்கா வாறன். மழை பெய்து ஒரு சொட்டு உள்ளுக்கு விழுந்தாலும் சரி, இதுவும் போகவேணும், உந்தச் சைக்கிளும் போகவேணும். பிறகு கதை இல்லை. சம்மதமோ?”

“ஓம்,” என்றீர்கள். உடனே சொன்னீர்கள். யோசிக்கிற மனிதர் என்றால் இங்கிலாந்தில் மழையை வைத்துப் பந்தயம் பிடிப்பாரா?

அதன் பிறகு உங்கள் ஓய்வு நாள்கள் எல்லாம் கூரையில் கழிந்தன. தோட்டக் குழாயால் நான் மேலே தண்ணீர் அடிக்க வேண்டும், நீங்கள் உள்ளே படுத்திருந்து பார்க்க வேண்டும். “தம்பி, பனிமனிசன் பக்கம் அடி. இன்னும். நிப்பாட்டு, நிப்பாட்டு!” ஓர் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் அடுத்ததைத் தேடிப் போனது. பின்சுவர் இல்லாத கூடு ஒவ்வோர் அசைவுக்கும் முறுகியது. முறுகும்போது சிலிக்கன் வாய் திறந்தது. இதைப் புத்தகத்தின் அதே பக்கத்தில் எழுதியிருந்தார்கள். புத்தகத்தை எடுத்துக் காட்டலாமென்றால் அதன்மேல் கரவன் நின்றது.

அடுத்தது பாரப் பிரச்சினை. பின்னால் மோட்டார் சைக்கிள் ஏறினதும் கரவனின் முன்புறம் மேலே தூக்கியது. இப்படியே இழுத்துப் போனால் மோட்டர்வேயில் வால் ஆடும். முன்னுக்குப் பாரம் வைக்க வேண்டும். நீங்கள் வைத்தது ஒரு மூட்டை புழுங்கல் அரிசியும் அக்காவின் அம்மியும். பலாலியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து லண்டன் என்று அக்கா பிள்ளை போலத் தூக்கி வந்த அம்மி அது.

“அம்மியையும் தூக்கிப் போட்டியளோ?”

“பலன்ஸுக்கு.”

“அப்ப அரிசி?”

“அதுவும் பலன்ஸுக்குத்தான். இஞ்சேரும், அங்க போய் சோறு குறைவாச் சமையும். அரிசி குறைஞ்சால் வரேக்கை வால் ஆடும்.”

விடுமுறைக்குப் போகிற இடத்தில் சோற்றை அளந்து உண்ணச் சொன்ன ஒரே யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை நீங்கள்தான்.

நோர்போக் கடற்கரைக்கு ஒரு கோடையில் போனோம். என்னையும் அழைத்துப் போனீர்கள். துணைக்கு என்றீர்கள், நான் வந்தது சாய்தளத்தைப் பிடிக்க. கரவன்கள் நிற்கும் வயலில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக நின்றன. அக்கா இறங்கி, சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.

“வாசல் மேற்கை பாக்குது. குடிபூரல் செய்யாமல் நான் உள்ளுக்கு ஏறமாட்டன். கிழக்கை திருப்புங்கோ.”

சக்கரம் பூட்டிய வீட்டுக்கும் பால் காய்ச்சிக் குடிபுகும் குடிபூரல் உண்டு என்று சாத்திரம் சொல்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பினோம். வயலுக்குப் பொறுப்பான ஆங்கிலேயர் ஓடி வந்து, வரிசை குலைகிறது, ஏன் இது மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறது என்று கேட்டார். நீங்கள் மிகவும் மரியாதையாக, சமய காரணம் என்றீர்கள். அவர் கரவனைப் பார்த்தார். பனிமனிதனைப் பார்த்தார். எந்தச் சமயம் என்று கேட்காமல் போய்விட்டார்.

அடுப்பில் பால் வைத்ததும் மழை பிடித்தது. நோர்போக்கில் மழை மேலிருந்து பெய்வதில்லை, பக்கத்திலிருந்து பெய்கிறது. நீங்கள் பாய்ந்து யன்னல்களை எல்லாம் பூட்டினீர்கள். பூட்டிய பெட்டிக்குள் கேஸ் அடுப்பு, பால், மூன்று பேர், ஒரு மோட்டார் சைக்கிள். அக்கா திருநீறு பூசிக்கொண்டு பாலைப் பார்த்தபடி நின்றாள். நீங்கள் பின்னால் குதிரை வண்டி மூடியில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பால் பொங்கியது. கிழக்குப் பக்கம்தான் பொங்கியது. அக்காவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில், சரியாகத் திருநீற்றின் நடுவில், விழுந்து மூக்கால் இறங்கியது.

அக்கா நிமிர்ந்தாள்.

“உது என்ன?”

“எது?”

“என்ரை நெத்தியில விழுந்தது.”

“உது ஆவி.”

“ஆற்றை ஆவி?”

“பாலின்ரை ஆவி! நீர் காய்ச்சின பால்தான் மேல போய், தகரத்தில குளிர்ந்து, கீழ வந்திருக்கு. மழைக்கும் உதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“மேலயிருந்து விழுந்தால் அது ஒழுக்கு.”

“வெளியாலயிருந்து உள்ளுக்கு வந்தால்தான் ஒழுக்கு.”

“எனக்கு நனைஞ்சுதோ இல்லையோ?”

“நனைஞ்சது. ஆனால் ஒழுகேல்லை.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தீர்கள். அக்கா சொன்னாள்: “தம்பி, நீ படிச்சனி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில பட்டிமன்றத்துக்கு நடுவரா இருக்கிறனி. நீ சொல்லு. ஒழுக்கோ, இல்லையோ?”

பட்டிமன்றத்தில் பேச்சாளர்கள் என் உடன்பிறப்பும் அவள் கணவருமாக இருந்ததில்லை. அங்கே அடிப்பதற்கு மேசை மணியும் இருந்தது. அறிவியல்படி நீங்கள் சொன்னது சரி, அது பாலின் ஆவிதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. குதிரை வண்டி மூடியின் மேல்விளிம்பிலிருந்து பலகையில் ஒரு கறுத்த ஈரக்கோடு இறங்கி உங்கள் தோளுக்குப் பின்னால் மறைந்தது. கோடு அங்கே மறைந்ததே தவிர, நிற்கவில்லை. நீங்கள் ஏன் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கியது. அத்தனை மாதமாகத் தோட்டக் குழாய் பிடித்த என்னை நீங்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! வீதித் திணைக்களத்தில் ஒரு பாலம் விழுந்திருந்தாலும் அப்படிப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஆம் என்று சொன்னால் மோட்டார் சைக்கிள் போகும். இல்லை என்று சொன்னால் அது பொய். அப்போது என் வாய், என்னைக் கேட்காமல், சொன்னது:

“இப்போதைக்கு ஒழுக்கு இல்லை.”

அக்கா என்னைப் பார்த்தாள். உங்களைப் பார்த்தாள். அடுப்பை நிறுத்தினாள். பிறகு மூலையில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு, “சரி, இறக்குங்கோ உதை,” என்றாள். “எதை?” என்றீர்கள், வாழ்நாளில் முதல் தடவையாக உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல். “சைக்கிளை. அதுக்குத்தானே இவ்வளவு பாடு?”

‘வெல்கம்’ கால்மிதிகளில் மோட்டார் சைக்கிள் இறங்கியது. நான் சாய்தளத்தைப் பிடித்தேன். அக்கா சேலைக்கு மேலே கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் கால் போட்டு ஏறி, குடையை விரித்தாள். அந்த வயலின் பாதைகளில் நடக்கிற வேகத்துக்கு மேலே போகக்கூடாது என்று பலகை போட்டிருந்தார்கள். நீங்கள் அந்த வேகத்தில்தான் போனீர்கள். மழைக்குள் ஒரு குடை, அதன் கீழே இரண்டு பேர், கரவன் வரிசையைச் சுற்றி, குளிப்பு அறைகளைச் சுற்றி, மறுபடியும் கரவன் வரிசையைச் சுற்றி. கரவன்களுக்குள் இருந்தவர்கள் யன்னல் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் வாசலில் நின்று குடிபூரல் பாலைக் குடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் குடித்தேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு நீங்கள் பிறகு பல கோடை ஓட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் ஒழுகியது. ஒவ்வொரு முறையும் ஒரு குழாய் சிலிக்கன். அக்கா வாளி கொண்டுவரப் பழகினாள். நான் கேள்வி கேட்பதை நிறுத்தப் பழகினேன்.

தொண்ணூறுகளின் பாதியைத் தாண்டி ஒரு குளிர்காலத்தில் உங்கள் நெஞ்சு வலித்தது. ‘இப்போதைக்குப் பயமில்லை’ என்றார் மருத்துவர். எனக்கு உடனே பயம் வந்தது. அந்தச் சொல் உங்கள் வாயில் மட்டும்தான் நிலைத்து நின்றது. மற்றவர்கள் வாயில் இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

அதன் பிறகு கரவன் ஆண்டுக்கணக்காக முன்றலிலேயே நின்றது. அதை எப்போது அகற்றுவது என்று அக்கா கேட்பாள், பிறகு தானே பேச்சை மாற்றிவிடுவாள். போன கிழமை அவளே பழைய இரும்பு எடுக்கிறவருக்குத் தொலைபேசி எடுத்தாள். சாய்தளத்தைக் கழற்ற என்னையும் வரச் சொன்னாள். வந்தவர் நல்ல மனிதர், பெரிய உருவம். இரண்டு தகர மூடிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தொழிற்சாலை பூட்டிய ஆணிகள் எல்லாம் தொட்டதும் வந்தன. குதிரை வண்டி மூடி மட்டும் வரவில்லை. அவர் நெம்பினார். நானும் நெம்பினேன். இப்போதைக்கு என்று நீங்கள் அப்பியதை நெம்புகோல் வளைந்தும் அசைக்க முடியவில்லை.

அப்போது மழை வந்தது. மூன்று பேரும் உள்ளே ஏறினோம். மோட்டார் சைக்கிள் தூசியோடு நின்றது. அதன் கைபிடியில் அந்தக் குடை தொங்கியது. அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வழக்கமான மூலையைப் பார்த்தாள். மழை அடித்து ஊற்றியது. நாங்கள் காத்திருந்தோம். ஒரு சொட்டும் விழவில்லை.

“ஒழுகேல்லை,” என்றாள் அக்கா. யாரையோ குற்றம் சாட்டுகிற குரல். “இத்தனை வருஷமா ஒழுகினது. அந்த மனிசன் இல்லாத நேரம் பாத்து ஒழுகாமல் நிக்குது.”

காரணம் எனக்குத் தெரியும். ஏறும்போதே பார்த்தேன். கூரை முழுக்கப் பச்சைப் பாசி. அசையாமல் நின்ற கூட்டின் ஓட்டைகள் எல்லாவற்றையும் அது மெதுவாக அடைத்துவிட்டது. உங்களால் ஆகாததைப் பாசி செய்திருக்கிறது, அதுவும் தோட்டக் குழாய் பிடிக்க ஆள் வைக்காமல். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

அவள் குடையைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்: “அண்டைக்கு நோர்போக்கில பின்னால ஏறினவுடனேயே எனக்குத் தெரியும். நான் குடை விரிச்சுத்தான் ஏறினனான். அவரும் குடைக்குள்ளதான். ஆனால் அவற்றை முதுகு தொப்பலா நனைஞ்சு கிடந்தது. உள்ளுக்குத்தான் நனைஞ்சிருக்கிறார்.”

“பின்ன ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை? உன்ரை நிபந்தனையல்லோ?”

“முதுகைக் குடுத்து அடைச்சுக்கொண்டு நிண்டிருக்கிற மனிசனிட்டை அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?”

ஆக, அந்தப் பட்டிமன்றத்தில் எல்லாருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. நடுவர் ஒருவன்தான் தன்னைப் பெரிய இராசதந்திரி என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மழை விட்டதும் இரும்புக்காரர் சங்கிலியை எடுத்தார். அக்கா கை காட்டி மறித்தாள். ஒழுகினால்தானே போகவேண்டும்? நிபந்தனை நிபந்தனைதான். அவரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள், தேநீர் கொடுத்தாள். அவர் போன பிறகு கரவனைத் திரும்பிப் பாராமல் என்னிடம் சொன்னாள்:

“இப்போதைக்கு நிக்கட்டும்.”

ஆகவே, அத்தான், கரவன் நிற்கிறது. முன்றலில் கார் விட இடமில்லை. என் புத்தகம் இன்னும் அதன் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. கழற்றிய ஆணிகளை எல்லாம் திரும்பப் பூட்ட வேண்டியவன் நான். மிச்சச் சிலிக்கனைக் காரில் எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஹரோவில் கூரை ஏற வேண்டும், பாசிக்கு நோகாமல்.

இன்று காலை குளியலறையில் நான் ஓரத்தைப் பூசி முடித்ததும் கீழிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: “என்னப்பா, ஒழுங்காச் செய்தனீங்களோ?” நான் எழுந்து, இரண்டடி பின்னுக்கு வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது.

“இப்போதைக்கு உது காணும்,” என்றேன்.

கீழே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டேன். இதற்கும் உங்கள்மேல்தான் எனக்குக் கோபம்.